இருபத்துமூன்றாம் வளையம்

ஆல்வின் ஹெஸ்லப்பின் மீன் கடை வாசலில் தோண்டிய குழிக்கு அந்தத் திங்கட்கிழமையோடு பதினொரு வாரம். கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடைக்கு நேரெதிரே என் முன்னறைச் சன்னல். சன்னலை ஒட்டி ஒரு நாற்காலி. நாற்காலி எப்போதும் அங்கேதான் கிடந்தது. நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் கார்ன்சைட்டில் பூமிக்கடியில் இருந்த கேஸ் குழாய் பழைய இரும்புக் குழாய். அதைக் கைவிட்டு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் போடப்போகிறோம் என்று ஜூன் மாதம் ஆட்கள் வந்தார்கள். தெரு நெடுக வாய்க்கால் வெட்டி, குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துப் படுக்கவைத்து மூடினார்கள். கடைசி இணைப்பைச் சரிபார்க்கும்வரை மூடக் கூடாதென்று ஆல்வின் கடை வாசலில் மட்டும் ஒரு குழியைத் திறந்தே விட்டுவிட்டுப் போனார்கள். ஊரும் பழகிவிட்டது. தபால்காரர் அதைச் சுற்றிப் போகப் பழகினார். யாரோ தடுப்புக்கட்டைமேல் ஒரு ஜெரேனியம் பூந்தொட்டிகூட வைத்தார்கள். சரி, நான்தான் வைத்தேன்.

குழாயைச் சேர்த்தவன் டெரன்ஸ் ரெய்ன். ஐம்பது வயது, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு, கையில் எப்போதும் ஒரு சாண்ட்விச். ஆனால் வேலையில் நின்றால் தேவாலயத்தில் நிற்பதுபோல நிற்பான். இரண்டு குழாய் முனைகளையும் சீவுவான். சூடான தட்டில் ஒட்டவைத்து, வெண்ணெய்ப் பதத்துக்கு இளகியதும் தட்டை உருவிவிட்டு ஒன்றோடொன்று அழுத்துவான். சாண்ட்விச்சை அமுக்கினால் ஓரத்தில் ஜாம் பிதுங்குமே, அதுபோலச் சுற்றிலும் கொஞ்சம் பிளாஸ்டிக் பிதுங்கும். ஆறியதும் அந்தப் பிதுக்கத்தை ஒரு கருவியால் முழு வளையமாகச் சீவி எடுத்துவிடுவான். பிறகு வளையத்தைப் பின்பக்கமாக மடக்குவான், முறுக்குவான், கண்ணருகே வைத்துப் பார்ப்பான். மயிரிழைக் கீறல்கூட இல்லையென்றால் ஜாயிண்ட் நலம். வெள்ளி மையால் எண் எழுதிப் பையில் போட்டுவிடுவான். ஜாயிண்ட்டை உடைக்காமலே அதன் உள்ளத்தை அறிகிற வழி அது. கெட்டிக்கார வழி. அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை, அதை ஒரு மன்றத்தின் கையில் கொடுக்காதவரை.

மன்றத்தின் பெயர் இணைப்பு உறுதி மன்றம். 'உடைக்காமல் அறிவோம்' என்பது அதன் வாசகம். அவர்கள் கடிதத்தாளில் தலைப்பிலும் இருக்கும், அடியிலும் இருக்கும்.

இனி லீக்ஸ் விஷயம். வெங்காயத்துக்கு உறவான அந்தத் தண்டைச் சூப்பில் போடுகிற ஊர்கள் உண்டு. எங்கள் டர்ஹாம் பக்கத்தில் அதைப் போட்டிக்கு வளர்ப்போம். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, உழைப்பாளர் கிளப்பில் கண்காட்சி. ஒரே மாதிரி மூன்று லீக்ஸ் வைக்க வேண்டும். நீளம், சுற்றளவு எல்லாம் நாடாவால் அளந்து கன அங்குலக் கணக்கில் தீர்ப்பு. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கண்காட்சிக் குழுச் செயலாளர் வீடுவீடாகப் போய் ஒவ்வொரு லீக்ஸ் மேலும் ஊதா மையில் முத்திரை குத்துவார். கடைசி நேரத்தில் எவனும் வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிடக் கூடாது அல்லவா? முத்திரை விழுந்த லீக்ஸைச் செயலாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் மண்ணிலிருந்து எடுக்கக் கூடாது. செயலாளர் நான்தான். இதெல்லாம் மிக அவசியமான ஏற்பாடுகள். அந்த மன்றத்தோடு இதை யாரும் சேர்த்துப் பேச வேண்டாம்.

ஆல்வின் ஒன்பது தடவை இரண்டாம் பரிசு வாங்கியவன். இந்த வருடம் அவன் கொல்லையில் நின்ற மூன்றையும் முத்திரை குத்தும்போது பார்த்தேன்.  முதல் பரிசு யாருக்கு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஜூன் மாதம், இருபத்துமூன்றாவது ஜாயிண்ட் முடிந்த மத்தியானம், டெரன்ஸ் ஆல்வின் வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்று மீன் தின்றுகொண்டிருந்தான். நடு லீக்ஸின் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"என்னப்பா இது, பப்பிலேர்ந்து வீட்டுக்குப் போறவன் மாதிரி சாயுது?" என்றான் டெரன்ஸ்.

"கட்டிவைக்கணும் மாப்ளே. கயிறு போட்டா தண்டுல தடம் விழும்."

டெரன்ஸ் பையிலிருந்து ஒரு மஞ்சள் வளையத்தை எடுத்தான். அப்போதுதான் முறுக்கிப் பார்த்து எண் எழுதியது. இலைகளைச் சேர்த்துப் பிடித்து வளையத்தை மாலை போடுவதுபோல மேலிருந்து இறக்கினான். லீக்ஸ் நிமிர்ந்து நின்றது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஜூனில் அந்த லீக்ஸ் என் கட்டைவிரல் தடிமன். செப்டம்பரில் ஆல்வின் முழங்கைக்குமேல் தடிமன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய குழாயை அடைத்தார்கள். இரண்டு மணிக்குப் புதுக் குழாயில் கேஸ் வரும் என்றார்கள். ஒரு மணிக்கு மன்றத்திலிருந்து டெஸ்மண்ட் பார்கெட்டர் வந்தார். பதவி, வட்டார வளையப் பாதுகாவலர். தடுப்புக்கட்டை ஓரமாக ஒரு மடக்கு மேசையை விரித்து, பச்சைத் துணி போர்த்தி, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பையிலிருந்த வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இருபத்திரண்டு. பையைக் கவிழ்த்து உதறினார். மறுபடி எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை.

"இருபத்துமூணாவது ஜாயிண்ட்டைக் காணோம்" என்றார்.

ஆல்வின் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "காணோமா? இதோ, குழிக்குள்ள இருக்கே சார். எட்டிப் பாருங்க."

பார்கெட்டர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தயவுசெஞ்சு அதை எனக்குக் காட்டாதீங்க, மிஸ்டர் ஹெஸ்லப். பதினாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன், ஒரு ஜாயிண்ட்டைக்கூட நான் பார்த்ததில்ல. பார்த்தா நம்ம மனசுல ஒரு அபிப்பிராயம் வந்துரும். நாங்க வளையத்தை மட்டும்தான் பார்ப்போம். வளையம்தான் சாட்சி. ஜாயிண்ட் தன்னைப்பத்தி தானே நல்லவன்னு சொன்னா நாங்க எப்படி ஏத்துக்கிறது?"

"அது ஒண்ணும் சொல்லலியே சார். சும்மாதானே கெடக்கு."

"அதைத்தான் சொல்றேன். சாட்சி இல்லாத ஜாயிண்ட்டை நாங்க ஜாயிண்ட்டாவே எடுத்துக்கிறதில்ல. எங்க பதிவேட்டுப்படி அந்த எடத்துல ரெண்டு குழாய் பக்கத்துல பக்கத்துல இருக்கு."

எதிர் நடைபாதையில் நின்ற டெரன்ஸ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "நான் ஜூன் மாசமே முறுக்கிப் பார்த்தாச்சு சார். தங்கமாட்டம் இருந்துச்சு. இப்ப அது இவரு லீக்ஸ் கழுத்துல இருக்கு."

பார்கெட்டர் டெரன்ஸின் பயிற்சி அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை எந்த ஜாயிண்ட்டுக்கும் ஐந்து மீட்டருக்குள் வரக்கூடாது என்று சொன்னார். அதனால் அந்த வாரம் பெரும்பாலும் டெரன்ஸ் எதிர் நடைபாதையிலேயே, என் சன்னலுக்குக் கீழே நின்றான். எனக்கு வசதியாக இருந்தது.

ஆல்வினுக்குக் கவலை ஒன்றுதான். சனிக்கிழமை கண்காட்சி. கண்காட்சி இரவுக்குக் கிளப்பில் இருநூற்று நாற்பது பேருக்கு மீனும் சிப்ஸும் அவன் கடையிலிருந்துதான் போகும். அடுப்பு கேஸ் அடுப்பு. அவனால் முடியாது என்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் வேறு ஆளைச் சொல்லியாக வேண்டும். அந்த வேறு ஆள், பக்கத்து ஊர் லாங்ரிக்கில் மீன் வண்டி வைத்திருக்கும் கார்டன். கார்டன் யார் என்றால், ஆல்வினின் மனைவி மொய்ராவுடைய முதல் கணவன். இருபது வருடமாக அவன் வண்டி எங்கள் ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதில்லை.

"அவன் வண்டி அந்தக் கிளப் வாசல்ல நின்னா, நான் எங்க போய் நிக்கிறது டோரீன்?" என்று என்னிடம் கேட்டான் ஆல்வின். குழுச் செயலாளர் என்ற முறையில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கார்டனின் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்கெட்டர் கொல்லைக்கு வந்தார். லீக்ஸ் முன்னால் முட்டி போட்டு பூதக்கண்ணாடியால் பார்த்தார். வளையத்தில் வெள்ளி மையில் எண் பாதி தெரிந்தது. மீதிப் பாதி பின்பக்கம். வளையத்தைத் திருப்பிப் பார்க்கலாம் என்றால் தண்டு அதை இறுக்கப் பிடித்துக்கொண்டிருந்தது. மோதிரம் போட்ட விரல் வீங்கினால் எப்படி இருக்கும், அப்படி.

"எடுத்துருங்க" என்றார்.

"மேல இலை, கீழ வேர். எந்தப் பக்கமும் வராது சார். வளையத்தை வெட்டித் தந்துரட்டுமா? நானே சனிக்கிழமை மேசையில வைக்கிறதுக்கு முன்னாடி அதை வெட்டித்தான் எடுக்கணும். கிளப் சட்டப்படி லீக்ஸ் மேல வேற எந்தப் பொருளும் இருக்கக் கூடாது."

ஏழாம் விதி. நான் தலையசைத்து உறுதி செய்தேன்.

பார்கெட்டருக்கு மூச்சு நின்றேவிட்டது. "வெட்டறதா? வெட்டுப்பட்ட வளையத்துல இருக்கிற கீறல் வெல்டிங்ல வந்ததா, வெட்டினதுல வந்ததான்னு யார் சொல்றது? சாட்சியை அடிச்சுட்டு சாட்சி சொல்லச் சொல்ற மாதிரி இருக்கு நீங்க பேசறது!"

"அப்போ அந்த ஜாயிண்ட்டையே அறுத்துப் போட்டுட்டுப் புதுசா பண்ணிருங்களேன். புது வளையம் வருமில்ல?"

"பண்ணலாம். ஒரு ஜாயிண்ட்டை அறுத்து எடுத்தா நடுவுல ஒரு துண்டு வைக்கணும். துண்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஜாயிண்ட். ரெண்டு வளையம். ஆனா இருபத்துமூணாம் வளையம் அப்பவும் காணாமத்தானே இருக்கும்? இப்பவாவது வளையம் இல்லாத ஜாயிண்ட் ஒண்ணு இருக்கு. அப்புறம் ஜாயிண்ட் இல்லாத வளையம் ஒண்ணு ஊர்ல அலையும். அந்த நெலமைக்கு எங்ககிட்ட படிவமே கெடையாது."

ஆல்வின் என்னைப் பார்த்தான். நான் லீக்ஸைப் பார்த்தேன். லீக்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை படிவம் வந்தது. 'வளையத்தினுள் காணப்படும் அந்நியப் பொருள் பற்றிய அறிவிக்கை.' மூன்று பிரதி, நடுவில் கரித்தாள். ஒன்று மன்றத்துக்கு, ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று சாட்சிக்கு. சாட்சியாக அக்கம்பக்கத்தில் பொறுப்புள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் ஏற்கெனவே வேலியோரம்தான் நின்றிருந்தேன்.

"பொருள் தயாரிச்சது யாரு?" என்று பார்கெட்டர் கேட்டார்.

"லீக்ஸ்ங்களா? நான்தான். நான்னா... அதுவாத்தான் வளர்ந்துச்சு."

"ஹெஸ்லப், ஆல்வின். தயாரிச்ச தேதி?"

"ஜனவரில நாத்து விட்டேன்."

"தேதி?"

"மழை பேஞ்சுச்சு அன்னிக்கு."

"உங்ககிட்ட பயிற்சி அட்டை இருக்கா? இல்ல. தகுதி பெறாத நபரால் தயாரிக்கப்பட்டதுன்னு போட்டுக்கிறேன். மனசுல வச்சுக்காதீங்க, எல்லாரையும் இப்படித்தான் போடுவோம்."

பதினான்காம் கட்டத்துக்கு வந்தபோது ஆல்வின் வேலியோரம் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தான். அந்தக் கட்டம் கேட்டது: 'பொருளின் மீது பட்ட திரவங்கள், அளவு, நாள்.'

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருவனுடைய சம்பளத்தைக் கேட்கலாம், அவன் மனைவியின் முதல் கணவனைப் பற்றிக்கூடக் கேட்கலாம். லீக்ஸுக்கு என்ன ஊற்றுகிறான் என்று கேட்கக் கூடாது. ஆல்வின் பத்தொன்பது வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் மூடிய தகர வாளியோடு கொல்லைக்குப் போய்வருகிறான். வாளியில் என்ன என்று மொய்ராவுக்கே தெரியாது. நானும் என்னாலான முயற்சி எல்லாம் செய்து பார்த்துவிட்டேன்.

"தண்ணி" என்றான் ஆல்வின்.

"தண்ணி மட்டுமா?"

ஆல்வின் குனிந்து ஒரு களையைப் பிடுங்கினான். பார்கெட்டர் கட்டத்தைக் காலியாக விட்டு, 'ஒத்துழைக்க மறுப்பு' என்று ஓரத்தில் எழுதினார். பிறகு லீக்ஸைச் சுற்றி ஆறு ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து நாடா கட்டினார். இனி உள்ளே போவதென்றால் தலைக்கவசமும் மஞ்சள் அங்கியும் கட்டாயம் என்றார். அன்று சாயங்காலம் ஆல்வின் தலையில் கவசத்தோடு தன் லீக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மணிநேரம் நின்றான். தண்ணீர் ஊற்றத் தடை. சும்மா நின்றான்.

வியாழக்கிழமை டாக்டர் ஹெஸ்டர் லைல் வந்தார். மன்றத்தின் ஒலியலைப் பிரிவுத் தலைவர். சூட்கேஸ் அளவு இயந்திரம். வளையத்தைக் கழற்றாமல், வெட்டாமல், ஒலியை உள்ளே அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றார். ஊரே வேலியோரம் கூடிவிட்டது. தண்டின்மேல் பசை மாதிரி ஒன்றைத் தடவி, கைக்கடக்கமான ஒரு கட்டையை வைத்து நகர்த்தினார். திரையில் வளையம் வளையமாகக் கோடுகள் விழுந்தன. லைல் முகம் இறுகியது.

"கடவுளே!" என்றார். "உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டவேயில்ல. நாப்பத்தோரு அடுக்கு. எந்த அடுக்கும் அடுத்த அடுக்கோட சேரல. ஈரம் வேற நெறைய. இப்படி ஒரு மோசமான வெல்டிங்கை என் வாழ்க்கையில பார்த்ததில்ல."

"அம்மா, அது லீக்ஸ்" என்றான் ஆல்வின். "அப்படித்தான் இருக்கும்."

"அது எனக்குத் தெரியும் மிஸ்டர் ஹெஸ்லப். இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிட்டா அப்புறம் அது பாரபட்சமில்லாத சோதனையா?"

வேலிக்கு அப்பால், சரியாக ஐந்து மீட்டர் தள்ளி நின்ற டெரன்ஸ் கத்தினான்: "அந்தக் கட்டையைக் கொண்டுபோய்க் குழாய் மேல வைங்கம்மா! வாசல்லதானே இருக்கு! ரெண்டு நிமிஷ வேலை!"

லைல் அவனைப் பரிவோடு பார்த்தார். "குழாய் மேல வைக்கிறதுக்கு இந்த இயந்திரத்துக்கு இன்னும் அனுமதி வரல. அடுத்த ஏப்ரல்ல வரும்னு நெனைக்கிறோம். அதுவரைக்கும் குழாய் இல்லாத எல்லாத்துமேலயும் வச்சுப் பழகிக்கிட்டிருக்கோம்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தீர்ப்பு. குழிக்குப் பக்கத்தில் நின்று, குழியைப் பார்க்காமல், பார்கெட்டர் படித்தார். இருபத்துமூன்று என்ற குறி எந்தப் பொருளில் இருக்கிறதோ அதுவே மன்றத்தின் பார்வையில் இருபத்துமூன்றாம் ஜாயிண்ட். அது சோதனையில் தோற்றுவிட்டது. ஆகவே அதை முழுமையாக அகற்றி, வளையத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அகற்றிய உடனே பாதையில் குறையுள்ள ஜாயிண்ட் எதுவும் இருக்காது. அப்போது கேஸை விடுவதற்குத் தடையும் இருக்காது.

ஆல்வின் அதை மெல்ல மெல்ல உள்ளே வாங்கினான். "அப்படின்னா... லீக்ஸைப் பிடுங்கிக் குடுத்தா கேஸ் வந்துரும்."

"குறையுள்ள பொருளை ஒப்படைச்சா."

"வாசல்ல இருக்கிற ஜாயிண்ட்டு?"

"எந்த ஜாயிண்ட்?" என்று பார்கெட்டர் உண்மையாகவே கேட்டார்.

மணி ஒன்பதே கால். லீக்ஸ் மூன்றில் ஒன்று போனால் மற்ற இரண்டும் போட்டியில் இல்லை. கொடுக்காவிட்டால் பன்னிரண்டு மணிக்கு நான் கார்டனுக்குப் போன் செய்ய வேண்டும். ஆல்வின் கொல்லைக்குப் போனான். மொய்ரா பின்னாலேயே போனாள். நானும் பார்கெட்டரும் கொஞ்சம் தள்ளிப் போனோம்.

"அவன் வந்தா வந்துட்டுப் போறான் ஆல்வின்" என்றாள் மொய்ரா. "ஒரு நாள் மீன் பொரிச்சுட்டுப் போயிருவான். இந்த லீக்ஸ் இனிமே கெடைக்குமா?"

"அவன் மாவு கனமா இருக்கும்."

"எனக்குத் தெரியாதா? ஆறு வருஷம் தின்னேன்."

"இருநூத்தி நாப்பது பேரு" என்றான் ஆல்வின்.  தலைக்கவசத்தைக் கழற்றிக் கூம்பின்மேல் கவிழ்த்தான். பார்கெட்டரிடம் திரும்பி, "நீங்க அறுக்க வேணாம். நானே எடுத்துத் தர்றேன்" என்றான்.

இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். அந்த லீக்ஸ் மேல் என் ஊதா முத்திரை இருந்தது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் யாரும் அதை எடுக்க முடியாது. நான் பையிலிருந்து கிளப் படிவத்தை எடுத்தேன். பார்கெட்டர் அதை வாங்கி வாசித்து, "உங்ககிட்ட எத்தனை பிரதி?" என்று மரியாதையோடு கேட்டார். "ரெண்டு" என்றேன். "மூணு வைங்க, நல்லது" என்றார். அவர் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன், என் படிவத்தில் அவர் போட்டார். அந்த வாரத்திலேயே இரண்டு பேர் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்டது அந்த ஒரு நிமிடம்தான். மொய்ரா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பதினாலாம் கட்டம் காலியா இருக்கு" என்றார் பார்கெட்டர். "அதை நிரப்பாம ஆய்வுக்கூடம் பொருளை வாங்காது."

ஆல்வின் பேனாவை வாங்கிக்கொண்டான். பிறகு படிவத்தைச் சுவரில் வைத்து, இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். அழுத்தி எழுதினான். கரித்தாள் நல்ல கரித்தாள். மூன்றாம் பிரதியை நான்காக மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். சாட்சியின் கடமை.

பிறகு லீக்ஸை எடுத்தான். சுற்றிலும் மண்ணைக் கையாலேயே தள்ளினான். ஒரு வேர்கூட அறுபடாமல் தூக்கினான். தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து, மேசையில் வைக்கப்போவதுபோலவே வேரை ஒவ்வொரு இழையாகக் கழுவினான். ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தான். பார்கெட்டர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கட்டி, சீல் வைத்து, வண்டியின் பின்பக்கம் வேலைக் காலணிகளுக்கு நடுவே வைத்தார்.

பதினொன்றரைக்கு டெரன்ஸுக்கு அட்டை திரும்பி வந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் யாரும் பார்க்காத, யாரும் சோதிக்காத அந்த ஜாயிண்ட் வழியாகக் கேஸ் வந்தது. ஒரு குமிழ் கசியவில்லை. இன்றைக்கும் கசியவில்லை. டெரன்ஸ் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் குழியை மூடினான். என் ஜெரேனியம் தொட்டி திரும்பி வந்தது.

சனிக்கிழமை இரவு ஆல்வின் இருநூற்று நாற்பத்தொரு மீன் பொரித்தான். இருநூற்று நாற்பத்தொன்றாவது ஆள் கார்டன். லாங்ரிக்கிலிருந்து பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றிருந்தான். ஆல்வின் ஒரு மீனைத் தேர்ந்தெடுத்தான். பெரிய மீன்தான்.

"வினிகர்?" என்றான்.

"போடு" என்றான் கார்டன். அங்கேயே நின்று ஒரு வாய் தின்றான். மொறுமொறுவென்று சத்தம் எனக்கே கேட்டது. "லீக்ஸ் விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமா இருக்கு" என்றான். "உப்பு அங்க இருக்கு" என்றான் ஆல்வின். இருபது வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. கிளப் மேசையில் ஆல்வினின் இடம் காலியாக இருந்தது. அந்த வருடம் இரண்டாம் பரிசுகூட இல்லை.

பிப்ரவரியில் மன்றத்திலிருந்து அறிக்கை வந்தது. மாதிரி எண் இருபத்துமூன்றை, அதாவது ஆல்வினின் லீக்ஸை, வளைத்தார்கள், முறுக்கினார்கள், இரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். மாதிரி வளைந்தது, உடையவில்லை. மன்றத்தின் வரலாற்றில் இவ்வளவு நெகிழ்ச்சியுள்ள ஜாயிண்ட் வந்ததில்லை. ஒலியலைச் சோதனையில் தோற்ற ஒன்று இழுவிசைச் சோதனையில் வென்றதற்குக் காரணம் என்ன என்று ஒரு துணைக்குழு ஆராய்ந்தது. பதினான்காம் கட்டத்தில் குறிப்பிட்ட திரவமே காரணம் என்று முடிவு கண்டது. வளையத்தைக் கழற்றிப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். டெரன்ஸ் சொன்னதுபோலத் தங்கமாக இருந்ததாம். அது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்பில் இருந்தது.

மார்ச்சிலிருந்து வட்டாரம் முழுக்கப் புது நடைமுறை. ஒவ்வொரு வெல்டருக்கும் கட்டம் போட்ட ஒரு பிளாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். டெரன்ஸ் இப்போது ஜாயிண்ட் போட்டு முடித்ததும் மூடியைத் திறந்து ஆறின டீயை அதன்மேல் ஊற்றுகிறான். பதினான்காம் கட்டத்தில் உள்ளபடி மூன்று ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் கடுகுப் பொடி. செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாளில் போட்ட ஜாயிண்ட் அடுத்த செவ்வாயோ வெள்ளியோ வரும்வரை காத்திருக்க வேண்டும். பார்கெட்டர் பச்சைத் துணி மேசையில் இப்போது பிளாஸ்குகளையும் எண்ணுகிறார்.

"ஜாயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகல" என்று டெரன்ஸ் என் சன்னலுக்குக் கீழே நின்று சொன்னான். "பிளாஸ்டிக்தானே, எதைத் தாங்காது? எறும்புதான் கொஞ்சம் வருது."

பிளாஸ்டிக் தாங்கும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் மூன்று லீக்ஸ் வளர்ப்பவள்தான். மூன்றாம் பிரதி என் அலமாரியில் இருந்தது. ஏப்ரலிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஆறின டீ, மூன்று ஸ்பூன் சர்க்கரை, கடுகுப் பொடி. ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. மிகவும் வேண்டப்பட்ட நாலு பேரிடம் மட்டும் சொன்னேன். அவர்களும் வேண்டப்பட்டவர்களிடம் மட்டும்தான் சொல்லியிருப்பார்கள். ஜூலை மாதம் ஊர் முழுக்க ஒரு புளிச்ச வாடை. ஆகஸ்டில் நான் முத்திரையோடு வீடுவீடாகப் போனபோது, முத்திரை குத்துகிற அளவுக்கு உறுதியான தண்டு எந்தக் கொல்லையிலும் இல்லை. ஒரு கொல்லையைத் தவிர.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை கிளப் மேசையில் மூன்று லீக்ஸ் இருந்தன. மொத்தமே மூன்றுதான். நாடாவை வைத்து அளந்தோம், விதி என்று ஒன்று இருக்கிறதே. செயலாளர் என்ற முறையில் முதல் பரிசு அட்டையில் ஆல்வின் ஹெஸ்லப் என்று நான்தான் எழுதினேன். அட்டையைக் கொடுக்கும்போது, யாருக்கும் கேட்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "உண்மையைச் சொல்லு. நீ அந்த வாளியில என்னதான் கொண்டுபோற?"

ஆல்வின் அட்டையை வாங்கிப் பார்த்தான். எழுத்துப்பிழை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டைப்பையில் வைத்தான்.

"பதினாலாம் கட்டத்துல எழுதியிருக்கேனே டோரீன்" என்றான். "மூணாவது பிரதி உன்கிட்டதானே இருக்கு?"